நான்காம் வேகம் மட்டும்

யூலை 6, சனிக்கிழமை

அம்மாவை உப்புவெளியிலிருந்து கிண்ணியாவுக்கு அழைத்துச் சென்றபோது, வாகனத்தின் ஏசி புளோவர் (காற்றைத் தள்ளும் விசிறி) முதல் மூன்று வேகங்களிலும் அசையாமல் நான்காவதில் மட்டும் சீறியது. கச்சான் காற்று அனலாய் வீசியதால் கண்ணாடியை இறக்க வழியில்லை. அம்மா சேலைத்தலைப்பால் காதை மூடியபடியே வந்தார்.

நான்காம் வேகத்தில் மின்சாரம், விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மின்தடையான ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போகிறது. மற்ற மூன்றிலும் அதனூடாகவே போக வேண்டும். ஆகவே எரிந்தது ரெசிஸ்டர்தான். ஆனால் அதைப் பெப்ரவரியில்தான் மாற்றினேன். ஐந்து மாதத்துக்குள் மீண்டும் எரிந்த பாகத்தின் மீது மட்டும் குற்றம் சுமத்த எனக்கு மனமில்லை.

யூலை 7, ஞாயிற்றுக்கிழமை

இடப்பக்கப் பெட்டியைக் கழற்றினேன். ரெசிஸ்டரிலுள்ள வெப்பப் பியூஸ், அதாவது சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் இணைப்பு, அறுந்திருந்தது. அதன் பிளக்கில் ஒரு முனை உருகிப் பழுப்பேறியிருந்தது. ரெசிஸ்டர் தன் சூட்டைப் புளோவர் காற்றிலேயே ஆற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் காற்றுப் பாதைக்குள் பொருத்தியிருக்கிறார்கள். அந்தப் பாதையிலிருந்த பில்டரோ வேப்பஞ்சருகாலும் புழுதியாலும் அடைபட்டுக் கிடந்தது. நிழலுக்காக வேம்பின் கீழ் நிறுத்துகிறேன். முன்கண்ணாடியின் அடியிலுள்ள சல்லடை வழியாகச் சருகு இறங்கிவிடுகிறது. பெப்ரவரியில் பாகத்தை மாற்றிய கராஜிலும் பில்டரைப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

யூலை 9, செவ்வாய்க்கிழமை

பில்டரோடு முடிந்துவிடும் என்று நம்பினேன். புளோவர் சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது அது உராய்ந்து உடனே நின்றது. உவர்மலையிலுள்ள வாகன மின்திருத்துநர் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி நான்காம் வேகத்தில் 24 அம்பியர் என்று காட்டினார். “மோட்டார் இறுகிப் போச்சு, ஐயா. இதை விட்டிட்டு ரெசிஸ்டரை மட்டும் போட்டால் திரும்பவும் எரியும்” என்றார். இறுகிய மோட்டார் மெதுவாகச் சுழலும். மெதுவாகச் சுழலும்போது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். குறைந்த வேகங்களில் அந்தச் சுமை முழுவதும் ரெசிஸ்டரின் ஊடாகவே கடக்கும். புளோவருக்கான 30 அம்பியர் பியூஸ் எரியாமல் இருந்ததால் இத்தனை நாளும் எனக்கு எதுவும் தெரியவில்லை.

யூலை 13, சனிக்கிழமை

மோட்டார், ரெசிஸ்டர், பிளக், பில்டர் நான்கையும் மாற்றினோம். பழைய பிளக்கைக் கழுவிப் போடலாம் என்று ஒருவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. தளர்ந்த முனை தானே சூடேறும். இப்போது நான்காம் வேகத்தில் 16 அம்பியர்தான்.

மாலையில் நிலாவெளி வரை போனோம். அம்மா தாமாகவே கை நீட்டி, புளோவர் திருகை முதலாம் வேகத்தில் வைத்துக்கொண்டார்.