‘ஸ்கூலை மூடப்போறாங்களாமே!’ ஒரு வதந்திக்கு எழுத்தில் பதில் வாங்கிய கதை

2023 ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பேச்சு கிளம்பிவிட்டது. எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை மூடப்போகிறார்களாம், பிள்ளைகளை நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். திண்டுக்கல்–கரூர் சாலையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. அந்தச் சாலையைப் பெரியவர்களே ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத்தான் கடப்போம். ஆறு வயசுப் பிள்ளையைத் தனியாக யார் அனுப்புவார்கள்?

என் மகள் அப்போது அங்கே மூன்றாம் வகுப்பு. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் இருந்தேன். வதந்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று எனக்குக் காட்டியது என் கடைதான். டி.சி.யையும் சாதிச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். “எல்லாம் ரெண்டு ரெண்டு காப்பி போடுங்கண்ணே.” எங்கே சேர்க்கிறீர்கள் என்றால், வேன் வரும் தனியார் பள்ளியின் பெயர். ஏன் என்றால், “எப்படியும் மூடத்தானே போறாங்க, பாதி வருசத்துல அலையறதுக்கு இப்பவே மாத்திடலாம்னு.”

சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ணால் பார்த்தவை மூன்று. ஒன்று, பழைய ஓட்டுக் கட்டடத்தை 2022இல் இடித்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள் அல்லவா, அந்தக் கணக்கில். இடித்த இடத்தில் கருவேலஞ்செடி முளைத்துவிட்டது, புதுசு எழும்பவில்லை. இரண்டு, மூன்று ஆசிரியர்களில் ஒருவர் கோடை விடுமுறைக்குப் பிறகு வரவில்லை. மூன்று, யாரோ இருவர் வந்து பள்ளி வளாகத்தை டேப் பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்த்தால் யாருக்கும் அதே முடிவுதான் தோன்றும். டேப் பிடித்தது வி.ஏ.ஓ. ஆபீஸ் கட்டுவதற்காம் என்று ஒரு கிளைக் கதை வேறு.

நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். நல்ல மனுஷி. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது, “சார், மேலிடத்துல இருந்து எனக்கு எதுவும் வரலை. வராததைப் பத்தி நான் வாயைத் திறந்தா, நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க.” அவர் நிலைமை புரிந்தது. ஆனால் ஊர் அதை எப்படிப் படித்தது தெரியுமா? “டீச்சரே ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க, அப்ப விஷயம் இருக்கு.” ஜூலை முதல் வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதே நிலைதான். தீர்மானப் புத்தகத்தில் குடிநீர்த் தொட்டி, கழிவறைக் கதவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலைந்தோம்.

கலைந்த பிறகு குழுத் தலைவர் அக்கா என்னைக் கூப்பிட்டார். மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். “தம்பி, வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும். நீ பேப்பர் வேலை தெரிஞ்சவன், எழுதிக் கேளு” என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு அப்படித்தான் முடிவானது.

கடைக்கு வரும் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் முன்கூட்டியே ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். ‘பள்ளியை மூடுவீர்களா? ஏன் கட்டடம் கட்டவில்லை?’ என்றெல்லாம் அந்த மனுவில் கேட்கக் கூடாது. அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். அபிப்பிராயம் சொல்ல, விளக்கம் கொடுக்க இல்லை. ‘கேள்விகளுக்கு விளக்கம் அளிக்கச் சட்டத்தில் இடமில்லை’ என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடுவார்கள். எந்தக் காகிதம் வேண்டும் என்று கேட்க வேண்டும். அதன்படி மூன்று வரிதான் எழுதினோம். இந்தப் பள்ளியை மூடவோ வேறு பள்ளியோடு இணைக்கவோ முன்மொழிவு, கடிதம், ஆணை ஏதும் கோப்பில் இருந்தால் அதன் நகல். கடந்த ஆகஸ்ட் 1 நிலவரப்படி எங்கள் பள்ளிக்கான ஆசிரியர் பணியிட நிர்ணயப் படிவத்தின் நகல். இடித்த கட்டடத்துக்குப் பதிலாகப் புதுக் கட்டடம் கோரி எழுதிய கடிதங்களின் நகல். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டாரக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். மனுவை எழுதியதைவிட அந்த ஸ்டாம்ப் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தேடியதற்குத்தான் நேரம் ஆனது.

சட்டப்படி முப்பது நாள் கெடு. கெடு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது, அதுவே எங்கள் பக்கம் பெரிய செய்தி. முதல் கேள்விக்கு, அப்படிப்பட்ட கோப்பு எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை என்று ஒரு வரி. இரண்டாவதுக்கு, படிவ நகல். மூன்றாவது, வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு அலுவலகத்துக்குச் சம்பந்தப்படாத கேள்வியை அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்பி, மனுதாரருக்கும் சொல்ல வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. கிராமப்புற ஒன்றியப் பள்ளிகளுக்குக் கட்டடம் கட்டுவது ஊரக வளர்ச்சித் துறை. பாடம் நடத்துவது கல்வித் துறை. ஒரு வருஷமாக நாங்கள் தலைமையாசிரியரிடமே கட்டடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம், பாவம்.

எனக்கு அதிகம் புரியவைத்தது அந்தப் படிவம்தான். கட்டம் போட்ட ஒரே ஒரு தாள். வகுப்புவாரியாக ஆண், பெண், மொத்தம். கடைசிக் கட்டத்தில் 58. பக்கத்தில் ‘தேவைப்படும் பணியிடம் 2’, ‘உபரி 1’. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால்தான் மூன்று. மூன்று பிள்ளை குறைந்ததால் ஒரு ஆசிரியர் உபரியாகி, பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார். அதாவது, ஆசிரியர் போனதால் பள்ளி மூடப்படுகிறது என்று ஊர் நினைத்தது. ஊர் அப்படி நினைத்து டி.சி. வாங்க வாங்க, அடுத்த ஆகஸ்ட் 1 கணக்கு இன்னும் இறங்கும். கறையான் அரித்த கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தே உடைப்பது மாதிரிதான் இது. நான் பதிலைப் படித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் பிள்ளைகள் 47.

பதில் கடிதத்தைப் பெரிதாக்கி நகல் எடுத்து ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டினேன். எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். “கோப்பு இல்லைங்கிறாங்கன்னா, இன்னும் கோப்பு போடலைன்னு அர்த்தம்” என்றார் ஒருவர். “அரசாங்கம் மூடுறதை முன்னாடியே எழுதி வெச்சுட்டா மூடும்?” என்றார் இன்னொருவர். வாட்ஸ்அப்பில் வந்த பெயரில்லாத குரல் பதிவை நம்பினவர்கள், அலுவலக முத்திரை போட்ட தாளைச் சந்தேகப்பட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அக்காதான், “தாளு பேசாதுல்ல தம்பி. ஆள் வந்து நின்னு சொல்லணும்” என்றார்.

அதனால் ஆகஸ்ட் 4, முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைக் குழுவோடு நிறுத்தாமல் எல்லாப் பெற்றோருக்கும் திறந்துவிடுவது, வட்டாரக் கல்வி அலுவலரை அழைப்பது என்று எழுதிக் கொடுத்தோம். வருவாரா என்று சந்தேகம். வந்தார். பழைய பழக்கத்தில் மாலை, சால்வை என்று யாரோ ஆரம்பிக்க, அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

கேள்விகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னது தலைமையாசிரியரின் யோசனை. பெயர் எழுத வேண்டாம், எழுதத் தெரியாதவர்களுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். சபையில் வாயே திறக்காத அம்மாக்களிடமிருந்துதான் அதிகம் சீட்டு வந்தது. ஒரு சீட்டில், ‘எங்க தெரு பிள்ளைங்க அதிகம் படிக்கிறதாலதான் இந்த ஸ்கூலை கவனிக்கலையா’ என்று இருந்தது. அதைப் படிக்கும்போது தலைமையாசிரியரின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் மடித்து உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. கரும்பலகையில் மற்றக் கேள்விகளோடு அதையும் எழுதினார்.

ஒவ்வொன்றுக்கும் கல்வி அலுவலரிடமிருந்து நேராகப் பதில். டேப் பிடித்து அளந்தது எதற்கு? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அந்த மாதக் கடைசியில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வருகிறது, அதற்குச் சமையலறை இடம் பார்க்க வந்தவர்கள். மூடப்போகிற பள்ளியில் யாராவது அடுப்பு வைப்பார்களா என்று பின்வரிசையில் ஒரு பாட்டி சத்தமாகக் கேட்டதும் முதல்முறையாகச் சிரிப்பு. ஆசிரியர் போனது ஏன்? 58, 60, 61 என்று பலகையில் போட்டுக் காட்டினார். இணைப்பு உண்டா? “இன்னைக்குத் தேதியில அப்படி எந்தத் திட்டமும் எங்க ஆபீஸ்ல இல்லை. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு விதி. அந்தப் பக்கத்துப் பள்ளி ரெண்டரை கிலோமீட்டர். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், பிள்ளைங்களே இல்லாத பள்ளியை யாராலயும் நடத்த முடியாது. நீங்க டி.சி. வாங்கிட்டே இருந்தா, நான் குடுக்கிற வாக்குக்கு அர்த்தம் இல்லை.”

தெருவைப் பற்றிய அந்தச் சீட்டுக்கு அவர் அவசரப்பட்டு இல்லை என்று சொல்லவில்லை. “அப்படி நடந்திருந்தா இந்தத் தாள்ல தெரியணும். பாருங்க” என்று ஒன்றியத்தில் கட்டடம் இடிக்கப்பட்டு இன்னும் கட்டாத பள்ளிகளின் பெயர்களைப் படித்தார். எங்கள் ஊர் அதில் ஒன்று. எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். கேட்டவர் யாராக இருந்தாலும், அந்தக் கேள்வி சபையில் படிக்கப்பட்டது அவருக்குத் தெரியும்.

புதுக் கட்டடம் எப்போது என்ற சீட்டுக்கு வந்த பதில்: “தெரியாது. அது பி.டி.ஓ. ஆபீஸ் வேலை. நான் ஒரு தேதி சொன்னா கைதட்டுவீங்க, அடுத்த வருசம் என்னைத் திட்டுவீங்க.” பலகையில் அந்தக் கேள்விக்கு நேரே ‘தெரியாது’ என்றே எழுதினார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆண்கள் சிலர் அதற்குப் பிறகுதான் திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்து மாத ஆயிரம் ரூபாயும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடமும் கிடைக்க ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படிக்க வேண்டுமா என்று ஒரு சீட்டு. ஆமாம் என்றிருந்தால் பத்துப் பிள்ளையாவது திரும்பியிருக்கும். தலைமையாசிரியர் சொன்னார்: “இல்லைங்க, ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரைக்கும்தான் கணக்கு.” தன் பள்ளிக்கு நஷ்டமான உண்மையை அவர் அப்படியே சொன்னபோது எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

வதந்தியைக் கிளப்பியது யார் என்று கண்டுபிடிக்கச் சிலர் துடித்தார்கள். வேன் டிரைவர் மேல் சந்தேகம். யாரிடமும் ஆதாரம் இல்லை, நான் அந்தப் பேச்சில் சேரவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் கட்டடத்துக்குத் தீர்மானம் போட்டோம். தீர்மானத்தை அவர்களே எழுதிக்கொள்வார்கள் என்று விடாமல், வாசகத்தை நாங்களே கொண்டுபோய், புத்தகத்தில் ஏறியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். அந்த மாதக் கடைசியில், மாற்றி அனுப்பிய மூன்றாவது கேள்விக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பதில் வந்தது. இரண்டு வகுப்பறைக்கு மதிப்பீடு தயாரித்து மாவட்டத்துக்கு அனுப்பிய கடித நகல் இருந்தது. அனுமதி ஆணை வரவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். கடித எண்ணும் தேதியும் கையில் இருந்ததால் அடுத்த அடுத்த விசாரிப்பு சுலபமாகப் போயிற்று. “சார், எங்க ஸ்கூல் கட்டடம்...” என்று ஆரம்பிக்காமல் எண்ணைச் சொன்னால், கிளார்க் நேராகப் பீரோவிடம் போகிறார். அடுத்த வருஷம் பொங்கல் கழித்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள்.

இப்போது மாதக் கூட்டம் முடிந்ததும் பள்ளி வாசல் பலகையில் தலைமையாசிரியர் நாலு வரி எழுதுகிறார். பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர் எத்தனை, கட்டட வேலை எதுவரை, கேட்டதில் எதற்கு இன்னும் பதில் வரவில்லை. வெளியே போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை. தனியார் பள்ளியில் கட்டிய பணத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்? மூன்றாவது ஆசிரியரும் வரவில்லை. 2024 ஆகஸ்ட் 1 கணக்கில் நாங்கள் 52. இன்னும் ஒன்பது பிள்ளை வேண்டும். அக்கா மில் ஷிப்ட் முடிந்து வந்து அங்கன்வாடியில் ஐந்து வயசு ஆனவர்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறார்.