ஸ்டைல்ஷீட்டுக்குள் ஒரு நேர்கோடு

நான் பராமரித்து வந்த ஒரு இணையதளத்தின் ஸ்டைல்ஷீட்டில் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் CSS கோப்பில்), தலைப்பின் எழுத்தளவுக்கென்றே ஐந்து மீடியா குவெரிகள், அதாவது திரையின் அகலத்துக்கேற்ப விதியை மாற்றும் நிபந்தனைகள், இருந்தன. திரை 400 பிக்சல் அகலமாக இருக்கும்போது 16 பிக்சலில் தொடங்கும் எழுத்து, படிப்படியாக ஏறி, 1200இல் 24 பிக்சலை எட்டும். உலாவியின் சாளரத்தை மெல்ல இழுத்தால், ஒவ்வொரு படியிலும் தலைப்பு துள்ளுவது தெரியும்.

இரு முனைகளையும் வரைபடத்தாளில் இரண்டு புள்ளிகளாக வைத்துப் பார்த்தபோதுதான், பள்ளியில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடே இதற்குப் போதும் என்று உறைத்தது. அகலம் 800 பிக்சல் கூடும்போது எழுத்து 8 பிக்சல் கூடுவதால் சாய்வு நூறில் ஒன்று, அதாவது 1 விடபிள்யூ (vw, சாளர அகலத்தில் நூறில் ஒரு பங்கு). 400 பிக்சலில் அது 4 பிக்சலைத் தந்துவிடுவதால், மீதமுள்ள 12 பிக்சலை 0.75 ரெம் என்று எழுதினேன் (ரெம், அதாவது rem, என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு; வழக்கமாக 16 பிக்சல்). கீழ் எல்லை 1 ரெம், நடுவில் இந்தக் கூட்டல், மேல் எல்லை 1.5 ரெம் என மூன்றையும், மதிப்பை இரு எல்லைகளுக்குள் நிறுத்தும் கிளாம்ப் (clamp) சார்புக்குள் வைத்ததும் ஐந்து குவெரிகளையும் நீக்க முடிந்தது. முன்பொருமுறை ரெம் சேர்க்காமல் விடபிள்யூவை மட்டும் நம்பியிருந்தேன். பக்கத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கு அந்த எழுத்து வளரவேயில்லை, ஏனெனில் ஜூம் செய்தாலும் சாளரத்தின் அகலம் மாறுவதில்லை.

அளவுகளைக் கணக்கிட்டுத் தரும் கால்க் (calc) சார்பு என்னை வேறு விதமாக அலைக்கழித்தது. முழு அகலத்திலிருந்து 240 பிக்சலைக் கழிக்கும் வரியில், கழித்தல் குறிக்குப் பின் இடைவெளி விடாமல் எழுதிவிட்டேன். உலாவி அதைக் கழித்தலாகக் கொள்ளாமல் எதிர்ம எண்ணாகப் படித்து, வரி முழுவதையும் சத்தமின்றிப் புறக்கணித்தது. பெட்டிகளைப் பக்கவாட்டில் ஒதுக்கி அடுக்கும் பழைய ஃப்ளோட் (float) அமைப்பிலிருந்த பக்கப்பட்டை கீழே போய் விழுந்தது. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை என்பதால், காரணம் பிடிபட ஒரு மாலை முழுவதும் போயிற்று. (அகலம் 640 பிக்சலைத் தாண்டக் கூடாது என்பதற்கு பெரியதைத் தேர்ந்தெடுக்கும் மேக்ஸ் (max) அல்ல, சிறியதைத் தேர்ந்தெடுக்கும் மின் (min) சார்பை எழுத வேண்டும் என்பதில் இன்றும் ஒரு கணம் தடுமாறுகிறேன்.)

சில மாதங்கள் கழித்து, சிறிய திரையில் தலைப்பு 18 பிக்சலாக இருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளர் கேட்டார். கீழ் எல்லையை மட்டும் உயர்த்தினேன். விளைவாக, 600 பிக்சல் வரை எழுத்து அசையாமல் நின்று, அதன் பிறகே வளரத் தொடங்கியது. சாய்வை 0.75 விடபிள்யூவாகவும் மாறிலியை 15 பிக்சலுக்கு இணையான ரெம்மாகவும் திரும்பக் கணக்கிட வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் ஒவ்வொரு கிளாம்ப் வரிக்கும் மேலே, "400இல் 18, 1200இல் 24" என்பதுபோல ஒரு குறிப்பை எழுதி வைக்கிறேன்.