திண்ணையில் 21 புளியங்கொட்டை

பல்லாங்குழிக்குச் சேர்த்து வைத்ததில் 21 புளியங்கொட்டை போதும். கும்பகோணத்துத் திண்ணையோ, திருவையாற்றுப் படித்துறையோ, எங்கும் ஆடலாம். நீங்களும் உங்கள் பிள்ளையும் மாறி மாறி 1, 2 அல்லது 3 எடுக்கலாம்; கடைசிக் கொட்டை எடுப்பவருக்கே வெற்றி.

முதலில் 1 எடுத்து 20 விடுங்கள். பிறகு எதிராளி 3 எடுத்தால் நீங்கள் 1, அவர் 2 என்றால் 2, சுற்றுக்கு 4. இதைப் பிள்ளையிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், வெறும் மனப்பாடமாகிவிடும். பிள்ளை தடுமாறினால் 5 கொட்டையில் தொடங்குங்கள். 4 மிஞ்சும்போது எடுக்க வேண்டியவர் எத்தனை எடுத்தாலும் தோல்விதான் என்பது கண்ணுக்கே தெரியும்.

பிடிபட்டதும் 4 வரை எடுக்கலாம் என்று மாற்றலாம்; அப்போது சுற்றுக்கு 5. ஆனால் 21-ஐயே வைக்காதீர்கள்: 20 என்பது 4, 5 இரண்டின் மடங்கு, முதலில் 1 எடுக்கும் பழைய வழியே மறுபடி ஜெயிக்கும். 18 வையுங்கள். 3 வரை என்றால் முதலில் 2 எடுக்க வேண்டும், 4 வரை என்றால் 3.