கைப்பிடியில் இருந்த கீறல்கள்

"அது ஊன்றதுக்கு இல்ல தம்பி..." என்று ஆரம்பித்தார் பெரியவர். முடிக்க நான் விடவில்லை.

பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் வந்தவர்களுக்குக் குரல் தணிந்துவிடும், பேச்சு வர நேரமாகும், காத்திருங்கள் என்று பிசியோதெரபி பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவன் நான். அன்றைக்கு என் கவனமெல்லாம் அவருடைய கைத்தடியில் இருந்தது. அடி ரப்பர் தேயவே இல்லை. வளைந்த கைப்பிடியில்தான் ஏகப்பட்ட கீறல். மெருகு போய் மரம் வெளுத்திருந்தது. தடியை ஊன்றுவதில்லை, அடிக்கடி கீழே போடுகிறார் என்று முடிவுகட்டினேன். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டதாக மகளும் சொன்னார். "இனிமே தடி வேண்டாம் ஐயா, வாக்கர்தான்" என்றேன்.

என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இதை எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சக்கரமில்லாத வாக்கரைக் கொடுத்ததற்கும் காரணம் இருந்தது. அவருக்குச் சின்னச் சின்ன அடிகளாக வேகம் பிடித்துவிடும். சக்கரம் முன்னால் ஓடினால் இவரும் பின்னாலேயே ஓடி விழுவார். ஆனால் தூக்கி, வைத்து, நின்று, அடி எடுக்கும் வாக்கரில் ஒவ்வொரு அடியும் புதிதாக ஒரு தொடக்கம். இந்த நோயில் தொடங்குவதுதானே பெரும்பாடு! அது எனக்குத் தெரியாததா?

மூன்று வாரம் கழித்து வந்தார். என் அறை வாசலில் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. வாசல், திருப்பம், நெரிசல் என்றால் அப்படித்தான் உறைந்து நிற்கும். அவர் வாக்கரை ஓரமாக நகர்த்திவிட்டு, மகள் கையிலிருந்த பழைய தடியை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். கைப்பிடியின் வளைவைப் பாதத்துக்கு முன்னால் தரையில் குறுக்காக வைத்தார். அதைத் தாண்டிக் கால் எழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி தாண்டினார். உள்ளே வந்துவிட்டார்.

தானாக நடக்கும் நடை தடுமாறினாலும், கண்முன் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டக் கால் எழும். அதற்காகத்தான் நானே தரையில் வண்ண நாடா ஒட்டி நடக்கவைக்கிறேன். அதே வேலையைச் செய்துகொண்டிருந்த தடியைத்தான் பிடுங்கியிருக்கிறேன்.

ஆனாலும் அவர் விழுந்தது நிஜம். தலைகீழ்த் தடி சிலருக்குக் கைகொடுக்கும், சிலர் அதிலேயே இடறுவார்கள். பக்கவாதம் வந்தவருக்கு மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்குத் தடியை அளந்து, நல்ல கையில் கொடுத்துவிடலாம். இதற்கு அப்படி ஓர் அளவு இல்லை. வாசலில் மட்டும் தடி, மகள் பக்கத்தில் இருக்கவேண்டும். மற்ற நேரத்துக்கு, பிடியை விட்டால் தானே நின்றுவிடும் பிரேக் வைத்த சக்கர வாக்கர் என்று மாற்றினேன். அடுத்த மாதமும் விழுந்தார், கையில் இரண்டுமே இல்லாத நேரத்தில். முதலிலேயே தடியை விட்டுவைத்திருந்தால்? அப்போதும் விழுந்திருக்கலாம்.

ஒருநாள் கேட்டேன்: "அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தீங்களே ஐயா, நான்தான் குறுக்கே பேசிட்டேன்."

இந்தமுறை காத்திருந்தேன். வெகுநேரம் என்னையே பார்த்தார்.

"என்னைக்குத் தம்பி?" என்றார்.