ஐஸ்லாந்தில் ஆய்வேடு: 'எந்தப் பெண், எந்தச் சுவடி?'

ரெய்க்யவிக்கில் இடைக்கால ஐஸ்லாந்திய இலக்கியம் படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது விசா, குளிர், வாடகை. வாடகை அதிகம், குளிர் பழகிவிடும். மற்றபடி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் ஆய்வேட்டைப் பற்றித்தான்.

'சாகாக்களில் பெண்கள்' என்ற தலைப்போடு போனேன். சாகா என்பது இடைக்கால ஐஸ்லாந்தில் உரைநடையில் எழுதிய நெடுங்கதை. மேற்பார்வையாளர் கேட்டது ஒரே வரி: "எந்த சாகா, எந்தப் பெண், எந்தச் சுவடி?" முதல் இரண்டுக்கும் அங்கேயே பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் என் ஆய்வேடாக ஆனது.

நான் எடுத்துக்கொண்டது ந்யால் சாகா. 1280 வாக்கில் எழுதப்பட்டது என்பார்கள்; கதை நடப்பது அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு முன்னால். எழுதியவர் பெயர் தெரியாது, அவர் கைப்பட எழுதிய மூலமும் கிடையாது. 60-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. பழையவை 1300-ஐ ஒட்டி கன்றுத்தோலில் எழுதியவை. எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான் என்றாலும், உரைநடைக்கு நடுவே வரும் பாட்டுகள் எல்லாவற்றிலும் ஒன்றாக இல்லை. ரெய்க்யாபோக் என்ற பிரதியிலும் வேறு சிலவற்றிலும் ஏறக்குறைய 30 பாட்டுகள் கூடுதலாக வருகின்றன. எல்லோரும் மேற்கோள் காட்டும் 1954-ஆம் ஆண்டுப் பதிப்பு முக்கியமாக வேறொரு சுவடியை, மோத்ருவல்லாபோக்கை, அடிப்படையாகக் கொண்டது. அதில் இந்தப் பாட்டுகள் பின்னிணைப்புக்குப் போய்விட்டன. பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்பது காரணம். இருக்கட்டும், ஆனால் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழைய பிரதிகளிலேயே இருக்கிறதே!

அந்தக் கூடுதல் பாட்டுகளில் சில உன்னுர் என்ற பெண் சொல்வதாக வருகின்றன. உன்னுருக்கும் ஹ்ரூட்டுருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நார்வேக்குப் போன இடத்தில் ஹ்ரூட்டுருக்கு அரசி குன்ஹில்துரோடு உறவு. ஊரில் ஒரு பெண் காத்திருப்பதை மறைத்துவிட்டுக் கிளம்புகிறவனுக்கு, அவளோடு மட்டும் கூட முடியாதபடி அரசி சாபம் வைத்து அனுப்புகிறாள். கல்யாணமும் நடந்துவிடுகிறது. அப்பா விசாரிக்கும்போது முதல் வருஷம் உன்னுர் சொல்வது இவ்வளவுதான்: தன் கையில் இருக்கிற விஷயத்தில் எல்லாம் அவர் நல்லவர்தான். அடுத்த வருஷம்தான் வாய்விட்டுச் சொல்கிறாள். அப்பா மோர்துர் சட்டம் தெரிந்தவர். மகளைக் கடிந்துகொள்ளாமல், சாட்சிகளை எங்கே நிறுத்த வேண்டும், கட்டிலருகே என்ன சொல்ல வேண்டும், பிறகு வாசலில் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறார். அவளும் அப்படியே செய்து கணவனை விலக்குகிறாள். அச்சுப் பதிப்பின் மூலப்பகுதியில் இதெல்லாம் உரைநடையில் நடக்கிறது. ரெய்க்யாபோக்கில் அவள் பாடுகிறாள். அந்த ஓர் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் வாசிப்பு. சுவடிப் படங்கள் இணையத்தில் இலவசம், ஆனால் திறந்தவுடன் படித்துவிட முடியாது. தோலுக்குச் செலவு அதிகம் என்பதால் எழுதியவர்கள் இண்டு இடுக்கில்லாமல் சுருக்கியிருக்கிறார்கள். 'ஹெச்'சின் குறுக்கே ஒரு கோடு போட்டால் 'அவன்'. 'மனிதன்' என்பதற்குக் கிளை விரித்த மரம் மாதிரி ஒரு ரூன் எழுத்து (லத்தீன் எழுத்துக்கு முன்னால் வடக்கு ஐரோப்பாவில் இருந்த பழைய எழுத்து). ஆள் பெயர்கள் பெரும்பாலும் முதல் எழுத்தும் ஒரு புள்ளியும்தான். தோலில் ஓட்டை இருந்தால் வரி அதைச் சுற்றிக்கொண்டு போகும். பழகும்வரை ஒரு பக்கம் ஒரு நாள் முழுக்க இழுக்கும். நான் செய்தது இதுதான்: முதலில் எழுத்துக்கு எழுத்து படியெடுப்பது, பிறகு சுருக்கங்களை விரிப்பது, கடைசியில் அகராதியில் தேடுவதற்கு வசதியான ஒழுங்கான எழுத்துக்கூட்டலில் போடுவது. மெனோட்டா என்ற இணையச் சுவடித்தொகுப்பு இந்த மூன்று நிலைகளையும் கணினிக்குப் புரியும் குறியீடுகளோடு எக்ஸ்எம்எல் கோப்பாக எழுத விதிகளே வைத்திருக்கிறது. அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் 'கோட்பாடு' எழுதப் போன வகுப்புத் தோழர்களைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை.

பாட்டு தனிக் கஷ்டம். சுவடியில் பாட்டை அடி பிரித்து எழுத மாட்டார்கள். உரைநடையோடு சேர்ந்தே ஓடும், ஓரத்தில் சில இடங்களில் ஒரு குறி இருக்கும். த்ரோட்க்வேத் என்ற யாப்பில் எட்டு அடி, அடிக்கு ஆறு அசை. மோனை அடிகளை இரண்டிரண்டாகப் பிணைக்கும், அடிக்குள்ளேயே எதுகை வேறு. இந்தக் கட்டுக்காகச் சொற்களைக் கலைத்துப் போட்டிருப்பார்கள். பள்ளியில் பொருள்கோள் படித்தவர்களுக்கு ஒரு ஆறுதல்: நம் கொண்டுகூட்டு இங்கே முழுநேர வேலை. சொற்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி மேஜையில் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். வேற்றுமை உருபுதான் வழிகாட்டும். அதனால் முதல் பருவத்தில் பழைய ஐஸ்லாந்திய இலக்கணத்தை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

மூலச்சுவடியைத் தொட்டுப் பார்த்தாயா என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை. படம் போதும் என்கிற வேலைக்கு மூலத்தைக் கேட்பது நியாயமுமில்லை. இந்தத் தோல்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆர்னி மாக்னுஸ்ஸோன் (1663–1730) ஐஸ்லாந்துப் பண்ணை வீடுகளில் தேடித் திரட்டிய காலத்திலேயே பல ஏடுகள் வேறு உபயோகத்துக்குப் போயிருந்தன. ஸ்கால்ஹோல்ட்டில் பிஷப்பின் தொப்பிக்கு உள்விறைப்பாகப் போனவையும் உண்டு. அவர் திரட்டியதை வைத்திருந்த டென்மார்க்கின் கோபன்ஹேகன் 1728-இல் எரிந்தபோது அவருடைய அச்சுப் புத்தகங்கள் பெரும்பாலும் போயின, சுவடிகள் பெரும்பாலும் தப்பின. டென்மார்க் 1971-இல் தொடங்கி 1997 வரை ஒரு பெரும்பகுதியை ஐஸ்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தது.

கடைசியில் நான் வாதிட்டது பெரிய விஷயமில்லை. இந்தப் பாட்டுகள் மூல ஆசிரியருடையவையா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, 1300 வாக்கில் இந்தப் பிரதியைப் படிக்கக் கேட்டவர்களுக்கு உன்னுர் யாராகத் தெரிந்திருப்பாள் என்று பார்த்தேன். சட்டம் தெரிந்த அப்பாவின் மகள் மட்டுமல்ல, ஆண்கள் பெருமையாக நினைத்த பாட்டுக் கலையைத் தன் வழக்குக்குப் பயன்படுத்துகிறவளும்கூட. மேற்பார்வையாளர் முடிவுரையில் பாதியை வெட்டச் சொன்னார், வெட்டினேன்.

சமர்ப்பிப்பது எளிது. ஸ்கெம்மன் என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் பிடிஎஃப் ஏற்ற வேண்டும். எல்லோரும் படிக்கலாமா, கொஞ்ச காலம் பூட்டி வைக்கலாமா என்று கேட்கும். பின்னால் நூலாக்கும் எண்ணம் இருந்தால் பூட்டுங்கள். நான் திறந்தே விட்டேன், படியெடுத்த எக்ஸ்எம்எல் கோப்பையும் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன்.