முப்பது வயதுக்கு மேல் கிட்டார்: விரலைக் குறை சொல்லும் முன்

வேலைக்குப் போகிறவர்கள் ஆசையாகக் கிட்டார் வாங்கி, ஒன்றரை மாதத்தில் உறைக்குள் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். கேட்டால், "விரல் வளையல, வயசாயிடுச்சு" என்பார்கள். அந்தக் கிட்டாரை இறக்கிப் பார்த்தால் பல நேரம் கம்பி தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும். அதைப் பத்து வயதுப் பிள்ளையாலும் அழுத்த முடியாது. அதனால் முதல் பாடம் கைக்கு இல்லை, கருவிக்கு.

சிங்கப்பூரில் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம். கிட்டார் கடைகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. கடைக்குப் போகும்போது பையில் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நாணயம் இருக்கட்டும். 2013இல் வந்த வரிசை நாணயத்தின் கனம் 2.5 மில்லிமீட்டர். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் 12வது ஃப்ரெட்டில் வழக்கமாக இரண்டு புள்ளி இருக்கும். அந்த ஃப்ரெட் மேல் நாணயத்தைப் படுக்கவைத்து, தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் நகர்த்துங்கள். நாணயம் கம்பியை லேசாக உரசினால் உயரம் சரி. நாணயத்துக்கு மேலே இன்னும் தாராளமாக இடம் இருந்தால், கம்பியை இறக்கித் தரச் சொல்லுங்கள். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்தபடி மேல்பலகையில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜில் இருக்கும் வெள்ளைப் பட்டைக்கு சேடில் என்று பெயர். அதன் அடியில் 1 மில்லிமீட்டர் தேய்த்தால் 12வது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

நைலான் கம்பியா, ஸ்டீலா? நைலான் விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கழுத்து அகலம், ஏறக்குறைய 52 மில்லிமீட்டர். ஸ்டீலில் 43. சினிமாப் பாட்டுக்குக் கார்ட் (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்துப் பாட வேண்டும் என்பவர் ஸ்டீல் வாங்கலாம், கடையிலேயே 0.010 அங்குல அளவு மெல்லிய கம்பி போடச் சொல்லலாம். நைலான் கிட்டாரில் மட்டும் ஸ்டீல் கம்பியைப் போட்டுவிடாதீர்கள். இழுவிசை ஏறக்குறைய இரு மடங்கு, பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

விலையேறிய முழுமரக் கிட்டார் முதல் கருவியாக வேண்டாம் என்பதற்குக் காசு மட்டும் காரணமில்லை. நம் ஊரில் ஈரப்பதம் ஆண்டு சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். கிட்டார் விரும்புவது 45 முதல் 55. ஈரத்தில் மேல்பலகை உப்பும், பிரிட்ஜ் எழும்பும், நீங்கள் பார்த்துப் பார்த்து இறக்கிய கம்பி மறுபடி ஏறும். இரவெல்லாம் ஏர்கான், பகலெல்லாம் திறந்த சன்னல் என்று மாறி மாறி இருக்கும் அறை இன்னும் மோசம். ஒட்டுப்பலகைக் கிட்டார் இதை ஓரளவு தாங்கும். உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு ஈரமானி, அவ்வளவு போதும். கேமரா வைக்கும் உலர்பெட்டி வீட்டில் இருக்கிறதே என்று அதற்குள் திணிக்க வேண்டாம். லென்ஸுக்காக 40க்குக் கீழே வைத்த பெட்டியில் மரம் வெடிக்கும்.

இனி கை. கம்பியை அழுத்தும் கையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நகம் நீண்டிருந்தால் விரல் படுத்துக்கொள்ளும், பக்கத்துக் கம்பி ஊமையாகும். விரல் ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போலப் பின்னால் விழ வேண்டும். இடைவெளியின் நடுவில் விழுந்தால் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் இரையும். எவ்வளவு அழுத்துவது என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: மூன்றாவது கம்பியின் 2வது ஃப்ரெட்டில் விரலைச் சும்மா தொட்டுக்கொண்டு மீட்டுங்கள். 'டொக்' என்று செத்த ஓசை வரும். மீட்டிக்கொண்டே பொடிப்பொடியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். இரைச்சல் தெளிந்து நாதம் வரும் அந்தப் புள்ளியில் நிறுத்துங்கள். இவ்வளவுதானா என்று தோன்றும். அதற்கு மேல் கொடுக்கும் பலமெல்லாம் வீண். விரல் நுனி எரிவது சகஜம், மூன்று நான்கு வாரத்தில் தோல் தடிக்கும். மணிக்கட்டோ கட்டைவிரலின் அடியோ வலித்தால் மட்டும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட தினம் பதினைந்து நிமிடம் மேல். அடுக்குமாடி புளோக்கில் இரவு பத்துக்கு மேல் வாசிக்க வேண்டியிருந்தால் பிரிட்ஜ் ஓரம் கம்பிகளுக்கு அடியில் மடித்த கைக்குட்டையைச் செருகுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

கார்ட் பிடிப்பது சுலபம், மாறுவதுதான் வேலை. அதனால் கார்ட்களைத் தனித்தனியாகப் படிக்காமல் ஜோடியாகப் படியுங்கள். இ மேஜரின் வடிவத்தை அப்படியே ஒரு கம்பி கீழே, மெல்லிய கம்பிப் பக்கம், நகர்த்தினால் ஏ மைனர். ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போக மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும். மற்ற இரண்டையும் தூக்காதீர்கள். ஒரு நிமிடம் அலாரம் வைத்து எத்தனை முறை மாறினீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள். முப்பதைத் தொட்டால் மெதுவான பாட்டுக்குப் போதும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வாசிக்கும்போது வலது கை எதற்காகவும் நிற்கக் கூடாது. இடது கைக்காக வலது கை காத்திருக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. மாறும் நேரத்தில் திறந்த (விரல் அழுத்தாத) கம்பி அரை நொடி ஒலித்தால் ஒலிக்கட்டும், தாளம் விடக் கூடாது.

சிறு வயதில் பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மாயாமாளவகௌளை சரளி வரிசை, சி ஸ்வரத்தை ஸ என்று வைத்தால், முதல் நான்கு ஃப்ரெட்டுக்குள் அடங்கிவிடும். ஐந்தாவது கம்பியில் 3வது ஃப்ரெட் ஸ, 4வது ரி. நான்காவது கம்பியில் 2வது க, 3வது ம. மூன்றாவது கம்பி திறந்தபடி ப, முதல் ஃப்ரெட் த. இரண்டாவது கம்பி திறந்தபடி நி, முதல் ஃப்ரெட் மேல் ஸ. ஃப்ரெட் எண்ணுக்கு ஒரு விரல் என்று வைத்தால் நான்கு விரலுக்கும் வேலை வரும், சுண்டு விரலுக்கும் சேர்த்து. ராகம் காதில் ஏற்கனவே இருப்பதால் தப்பு விழுந்தால் தானே தெரியும்.

பாடும் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கு தெரிந்தவருக்கு கேப்போவும் (எல்லாக் கம்பியையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) எளிது. சி வடிவம் ஒரு கட்டை, கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டினால் ஒன்றரை, இரண்டாவதில் இரண்டு. ஜி வடிவம் ஐந்து கட்டை, முதல் ஃப்ரெட்டில் ஐந்தரை. மனைவி ஐந்தரையில் பாடுகிறார் என்றால் புதுக் கார்ட் எதுவும் படிக்க வேண்டாம், ஜி குடும்பமே போதும்.

சமூக மன்றத்துக் குழு வகுப்பு உற்சாகத்துக்கு நல்லது. ஆனால் ஒவ்வொருவர் கட்டைவிரலையும் ஆசிரியரால் பார்க்க முடியாது. முதல் மாதத்தில் தனி வகுப்பு மூன்றோ நான்கோ எடுத்துக்கொள்வது உத்தமம். கிரேடு (படிநிலைத் தேர்வு) எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் எதை எழுதுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் கிட்டார் தேர்வு நைலான் கம்பிக் கிளாசிக்கல் வாசிப்புக்கானது. நேரடித் தேர்வில் 150க்கு 100 எடுத்தால் தேர்ச்சி, அதில் 90 மூன்று உருப்படிகளுக்கு, மீதி ஸ்கேல், பார்த்து வாசித்தல், செவிப்பயிற்சிக்கு. நொட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) படிக்காமல் அங்கே போக முடியாது. பாடிக்கொண்டே வாசிக்க விரும்புபவருக்கு அது வேறு ஊருக்குப் போகும் பஸ்.

மூன்றாவது மாதம் எஃப் கார்ட் வரும். சுட்டுவிரலால் ஆறு கம்பியையும் ஒன்றாக அழுத்த வேண்டிய கார்ட், பலர் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, அதற்கு மேலே அதே வடிவத்தைப் பிடித்துப் பாருங்கள். அங்கேயும் ஒலிக்காவிட்டால் கைக்கு இன்னும் சில வாரம் தேவை, அதுவரை நான்கு கம்பி எஃப் போதும். அங்கே சுலபமாக ஒலித்தால், கழுத்தின் தலைமாட்டில் கம்பி உட்காரும் நட் உயரமாக இருக்கிறது. கிட்டாரைக் கடைக்கு எடுத்துப்போய், நட்டின் பள்ளங்களை அராவித் தரச் சொல்லுங்கள்.