மார்ச்சில் வரும் மானியம்

சிறிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் நிதிநிலையை ஒரே ஆண்டின் வரவு செலவை வைத்து எடைபோடவே கூடாது. ஐந்து ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்: ஒரு வருடம் பெரிய உபரி, அடுத்த வருடம் பெரிய பற்றாக்குறை. பணம் வரும் தேதி வேறு, வேலை நடக்கும் தேதி வேறு என்பதுதான் காரணம்.

இரண்டு ஆண்டுத் திட்டத்துக்கு 24 லட்ச ரூபாய் மானியம் என்று வையுங்கள். முதல் தவணை 12 லட்சம், மார்ச் 20 அன்று வங்கிக்கு வருகிறது. முழுவதையும் அந்த ஆண்டின் வருமானமாக எழுதினால், நிதியாண்டு முடியும் 31ஆம் தேதி கணக்கில் 12 லட்சம் கூடுதல் உபரி. வரிவிலக்கு வேண்டுமென்றால், வருமான வரிச் சட்டப்படி (1961 சட்டத்தில் பிரிவு 11) வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். பதினொரு நாளில் 10.20 லட்சத்தை ஒழுங்காகச் செலவழிக்க முடியாது. பணத்தை ஒதுக்கிவைப்பதை அறிவிக்கும் படிவத்தை (1961 சட்டத்தில் படிவம் 10) தாக்கல் செய்து, அதிகபட்சம் 5 ஆண்டுக்கு ஒதுக்கிவைக்கலாம். நோக்கம் என்ற இடத்தில் "ஆராய்ச்சி" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், திட்டத்தின் பெயரையே எழுதுங்கள். பலர் சறுக்குவது அடுத்த வருடத்தில்தான்: ஒதுக்கிவைத்த பணத்திலிருந்து செய்த செலவு, புது வருடத்தின் 85 சதவீதத்தில் சேராது. அதனால் திட்டவாரியாகத் தனிப் பேரேடு கட்டாயம் வேண்டும்.

உண்மையான நெருக்கடி இரண்டு திட்டங்களுக்கு நடுவே வருகிறது. வாடகை, ஆடிட்டர் கட்டணம், கணக்காளர் சம்பளம் எதுவும் நிற்பதில்லை. மானியம் மட்டும் நின்றுவிடுகிறது. நல்ல ஆய்வாளர்களை நாம் இழப்பது அந்த மாதங்களில்தான். இதற்காகத்தான் கார்பஸ் நிதியை, அதாவது அசலைத் தொடாமல் வைத்திருக்கும் நிரந்தர நிதியை, மெல்ல மெல்லச் சேர்க்கச் சொல்கிறோம். அதன் வட்டி இந்தச் செலவுகளுக்குக் கைகொடுக்கும். கார்பஸுக்கென்றே தருவதாக நன்கொடையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அது இல்லையென்றால் சாதாரண வருமானம்தான்.

வெளிநாட்டு நிதி வாங்குபவர்களுக்கு, அந்த நிதியிலிருந்து செய்யும் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (FCRA) 2020 திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. ஆனால் ஆராய்ச்சியே முதன்மைப் பணியாக உள்ள அமைப்பில், களத் தரவைத் திரட்டுபவர், பகுப்பாய்வு செய்பவர் சம்பளம் நிர்வாகச் செலவில் வராது என்று அந்தச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் விதி 5 சொல்கிறது. இதைக் கவனிக்காமல் எல்லாச் சம்பளத்தையும் நிர்வாகத்தில் போட்டு வரம்பைத் தாண்டுகிறார்கள். நியமனக் கடிதத்திலேயே களப்பணி என்று தெளிவாக எழுதிவிட்டால் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

களத்தில் ரொக்கமும் கவனம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு 85 சதவீதக் கணக்கில் ஏறாது. மாத வேன் வாடகையை மொத்தமாகக் கையில் கொடுப்பதில்தான் இது அடிக்கடி நடக்கிறது. வங்கி வழியாகவே அனுப்புங்கள்.